கெந்திங் கேசினோவில் ஒரு தட்டு வான்டன் மீ

கேசினோவுக்குள் நூடுல்ஸ் சாப்பிடுவதற்காகவே போனோம் என்றால் முத்தியால்பேட்டையில் யாரும் நம்புவதில்லை. "எவ்வளவு விட்டீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. புதுச்சேரியில் கேசினோ வரப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பி அடங்கும். இப்போதைக்கு கோவா, சிக்கிம் என்று போனால்தான் உண்டு. மாமாவுக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. கோலாலம்பூர் போகிறோம் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "சீனர்கள் தாங்கள் சாப்பிடுவதற்கென்று சமைக்கிற நூடுல்ஸ் எங்கே கிடைக்கும்?" அங்கேயே பிறந்து வளர்ந்த உறவுக்காரப் பையன், கேசினோ இருக்கிற கெந்திங் மலையைக் கைகாட்டினான். சூதாடுகிறவனுக்கு நாக்கு நீளம், பொறுமை குறைவு. அவனுக்குச் சமைப்பவர் ஏமாற்றிப் பிழைக்க முடியாது என்பது அவன் கட்சி.

பத்துமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினோம். அவானா நிலையத்திலிருந்து கேபிள் காரில் போனால் நடுவழியில் சின் சுவீ கோயில் வருகிறது. வேண்டுமானால் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிடிக்கலாம். உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். ஊட்டியைவிடத் தாழ்வுதான், ஆனாலும் கடற்கரை ஊர்க்காரர்களான எங்களுக்குப் பல் தந்தியடித்தது. காடாகக் கிடந்த இந்த மலையில் 1965-இல் வேலையைத் தொடங்கியவர் லிம் கோ தோங், சீனாவின் ஃபூஜியானிலிருந்து பிழைக்க வந்தவர். 1969-இல் கேசினோ உரிமம் கிடைத்தது. மலேசியாவில் சட்டப்படி நடக்கிற கேசினோ இன்றுவரை இது ஒன்றுதான்.

வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. காவலுக்கு நின்ற தமிழர் எங்கள் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊர் அண்ணே?" என்று விசாரித்துவிட்டு, நாங்கள் கேட்காமலே சாப்பாட்டுக் கடை இருக்கும் திசையைக் காட்டினார். எங்கள் முகத்தைப் பார்த்தே இவர்கள் ஆட வந்தவர்கள் இல்லை என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். சீட்டு மேசைகளைக் கடந்து போகும்போது அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தார்.

கடை என்றால் அலங்காரம் ஒன்றும் இல்லை. முதுகு சாய்க்க முடியாத முக்காலிகள், துடைத்துத் துடைத்துப் பளபளப்புப் போன மேசைகள், கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் வாத்துகள். சமையல்காரர் ஒரு கைப்பிடி நூடுல்ஸை உதறிக் கம்பிக் கூடையில் போட்டு, கொதிநீரில் அமிழ்த்தி, நீண்ட கோல்களால் கலைத்துவிடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்துக் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு, மறுபடி கொதிநீரில் ஒரு முக்கு. பிறகு கூடையை ஓங்கி உதறி நீரை வடித்து, கறுப்பு சோயா சாஸும் எண்ணெயும் இருந்த தட்டில் கவிழ்த்துப் புரட்டுகிறார். அந்தக் குளிர்நீர்க் குளியலில்தான் விஷயம் இருக்கிறது. மேலே ஒட்டிய மாவு கழன்று, இழை குழையாமல் பல்லுக்கு எதிர்த்து நிற்கிறது.

அத்தை பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார். மீன் உருண்டை போட்ட சூப் நூடுல்ஸ் வாங்கினார். முதல் வாயிலேயே, "அப்பளக்காரம் போட்டிருக்கிறார்கள்" என்றார். சரியாகத்தான் பிடித்தார். கோதுமை மாவில் அந்த வகைக் காரத்தைச் சேர்த்துப் பிசைவதால்தான் அந்த மஞ்சளும் அந்த இழுவையும் வருகின்றன. எங்கள் வான்டன் மீயோடு தனிக் கிண்ணத்தில் வந்த வான்டன், அதாவது இறைச்சி வைத்து மடித்த மாவுப் பொட்டலம், சுமார். பன்றி வறுவல் ஓரத்தில் காய்ந்திருந்தது. நூடுல்ஸுக்கு மட்டும் முழு மதிப்பெண். கூடவே சிறு தட்டில் வட்ட வட்டமாக நறுக்கி வினிகரில் ஊறப்போட்ட பச்சை மிளகாய்! மாமா இரண்டாம் தட்டு மிளகாய் கேட்டு வாங்கினார்.

பக்கத்து மேசையில் ஒரு சீனப் பாட்டி, கிண்ணத்துக்கு அருகில் சூதாட்டச் சில்லுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து சூதாட்ட மேசைக்கே திரும்பிப் போனார். எழுந்து போனவர்களைச் சீக்கிரம் திருப்பி அனுப்புவதற்கென்றே அங்கே இப்படி ஒரு கடை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அரட்டைக்கு இடமில்லை. அந்த அவசரம் நூடுல்ஸுக்கு நல்லதுதான், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

மாமாவுக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்கள் புதுச்சேரிக்காரர்களாக இருக்கமாட்டார்கள். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்குச் சிப்பாயாக, குமாஸ்தாவாக, வியாபாரியாகப் போனவர்கள் இங்கே ஏராளம். திரும்பி வந்தபோது சிலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தார்கள். எல்லோருமே அந்த ஊர் நாக்கோடு வந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சாயோ என்கிற வியட்நாமியப் பொரித்த சுருளைச் சுருட்டாத கிறிஸ்தவ வீடுகள் குறைவு என்று சொல்லும் காலம் ஒன்று இருந்தது. மாமாவின் அம்மா சைகோனில் பிறந்தவர். அவர் செய்தது அரிசி நூடுல்ஸ்; அதற்கு அப்பளக்காரமும் வேண்டாம், சோயாவும் வேண்டாம், மீன் சாறும் எலுமிச்சையும் போதும்.

ஊர் திரும்பியதும் அத்தை மிளகாயை நறுக்கி, வெந்நீர் ஊற்றி வடித்து, வினிகர், சர்க்கரை, உப்பில் போட்டார். கடையில் கிடைத்த வினிகரின் நெடி தூக்கலாக இருந்ததால் பாதித் தண்ணீர் கலந்து சரிக்கட்டினார். ஒரு மாலை மாமா அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு பழக்கமான தள்ளுவண்டிக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே தீ நன்றாக இருக்கும், நூடுல்ஸ்தான் மதியமே வெந்து எண்ணெயில் காத்துக்கிடக்கும். கடைக்காரர் ஒரு வட்டம் மிளகாயை மென்று பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் இதை வைத்தால் என் சாஸை யார் கேட்பார்கள்?" என்று சொல்லிவிட்டு, சிவப்பு சாஸ் புட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார்.