ஆள் நிற்கிறாரா என்று பார்த்துச் சொல்லும் நாய்

மனச்சிதைவு நோயோடு வாழ்பவருக்கு உதவ நாயைப் பழக்கலாம் என்று சொன்னதுமே பலரும் கேட்பது இதைத்தான்: "இல்லாத உருவம் தெரிவதை நாய் மோப்பம் பிடித்துவிடுமா?" பிடிக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சமூக மனநலக் குழுவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. நோயாளிக்குள் என்ன நடக்கிறது என்பது நாய்க்குத் தெரியாது. எதிரே ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அது போதும்.

பழக்கும் விதம் எளிது. "போய்ப் பார்" என்று சொன்னால் அந்த அறையில் இருக்கும் மனிதரிடம் போய் நிற்க வேண்டும். கூடத்தின் மூலையில் யாரோ நிற்பதுபோல் தெரியும்போது அவர் அந்தக் கட்டளையைக் கொடுப்பார். நாய் போய் வாலாட்டினால் ஆள் உண்டு. சுற்றிப் பார்த்துவிட்டு, யாரிடம் போகச் சொல்கிறாய் என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்தால் அங்கே யாரும் இல்லை.

எங்கள் பணிமுறை 1970களின் தொடக்கத்தில் இதே மாநிலத்தின் மேடிசன் நகரில் உருவானது. மருத்துவமனைக்குள் இருந்த குழுவை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பலாம் என்று அங்கே தொடங்கியதுதான் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. வீட்டுக்குப் போவதால், ஆலோசனை அறையில் கண்ணில் படாதவற்றையும் பார்க்கிறோம். நான் பார்த்துவந்த இளைஞர் ஒருவர், நாய் வருவதற்கு முன்பு, எல்லாவற்றையும் தன் அம்மாவிடம்தான் கேட்பார். "ஜன்னல் பக்கம் யாராவது நிற்கிறார்களா?" அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "இல்லை" என்பார். அந்த "இல்லை"யைச் சொல்லும்போதெல்லாம், மகனுக்கு நோய் இருக்கிறது என்பது இருவருக்கும் மறுபடி நினைவுக்கு வரும். அம்மாவின் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், தன்னைப் பார்த்துச் சலித்துவிட்டாரோ என்று அவர் நினைப்பார். நாளடைவில் கேட்பதையே நிறுத்திக்கொண்டு அறைக்குள் முடங்கிவிட்டார்.

நாயிடம் கேட்பதில் அந்தக் கூச்சம் இல்லை. அது பரிதாபப்படாது, மருத்துவரிடம் போய்ச் சொல்லாது. தன் சந்தேகத்தைத் தானே சோதித்துத் தானே தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பை அந்த இளைஞருக்கு அது திருப்பிக் கொடுத்தது. இந்த நாய்கள் செய்யும் உதவிகளிலேயே பெரியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அம்மாவும் மகனும் மறுபடி சாப்பாட்டைப் பற்றியும் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள்.

இந்த நோயில் உருவங்கள் தெரிவதைவிடக் குரல்கள் கேட்பதே அதிகம். கதவு தட்டும் சத்தம், வாசலில் யாரோ பெயர் சொல்லி அழைக்கும் குரல் என்றால் நாயின் காதைப் பார்த்தே ஓரளவு முடிவு செய்யலாம். தலைக்குள்ளேயே ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கும் குரலுக்கு அந்தச் சோதனை உதவாது. அங்கே வேறு பயிற்சிகள் உண்டு. அவர் உறைந்துபோய் நின்றால் மூக்கால் கையை இடிக்கும். பதற்றம் ஏறினால் மடிமேல் ஏறித் தன் முழு எடையும் விழும்படி படுத்துக்கொள்ளும். மருந்தின் அசதியில் காலையில் எழ முடியாதவர்களை எழுப்பிவிடுவதையும் பழக்கலாம். எதிலும் மனம் ஒட்டாமல் கிடப்பது இந்த நோயின் கொடுமையான பகுதி. குரல்களைக் குறைக்கும் மருந்துகள் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் நாயை வெளியே கூட்டிப்போயே ஆக வேண்டும்.

அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகளின் முன்னால் நாயும் தோற்றுவிடும். 'என்னைக் கண்காணிக்கிறார்கள்' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டவருக்கு, நாய் சும்மா இருப்பதே சான்றாகிவிடும்: நாயையும் அவர்கள் வசப்படுத்திவிட்டார்கள்! அதனால், தனக்கு வருவது நோயாக இருக்கலாம் என்ற சந்தேகமாவது உள்ளவருக்கே, அதுவும் சிகிச்சையில் ஓரளவு நிலைப்பட்ட பிறகே, எங்கள் குழு இதைப் பரிந்துரைக்கிறது. மருந்துக்குப் பதிலாக நாய் என்று யாராவது பேசினால் உடனே மறுத்துவிடுவேன்.

வெளியே போகும்போது சட்டம் துணைக்கு இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ், 2011இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகள், மனநலக் குறைபாட்டுக்காகப் பழக்கப்பட்ட நாயையும் சேவை நாய் என்று தெளிவாகவே ஏற்கின்றன. ஒரே நிபந்தனை, அது குறிப்பிட்ட ஒரு வேலைக்குப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் நாய் இதில் வராது. எதற்காக என்பது வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. என்ன நோய் என்று கேட்கக் கூடாது, சான்றிதழ் கேட்கக் கூடாது. இணையத்தில் காசுக்கு விற்கும் சான்றிதழ்களுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்று எல்லாக் குடும்பங்களிடமும் சொல்கிறேன்.

ஆனால் கடை வாசலில், பின்னால் வரிசை நிற்க, இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்வது இவர்களுக்கு மலையேறுவதுபோல. அந்த இளைஞரை ஒரு கடையில் அப்படி நிறுத்திவைத்தபோது அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். அதன்பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தோம்: "நான் சொன்னால் எதிரில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பாள், மருந்து நேரத்தை நினைவுபடுத்துவாள்." இதில் வேலை இருக்கிறது, நோயின் பெயர் இல்லை. நான் கடைக்காரராக நடிக்க, அவர் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

செலவுதான் பெரிய சுவர். அமைப்புகள் பழக்கித் தரும் நாய்க்குப் பல்லாயிரம் டாலர் ஆகும், காத்திருப்பு ஆண்டுக்கணக்கில். சொந்தமாகப் பழக்கிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, அவரும் ஒரு பயிற்சியாளர் துணையோடு அப்படித்தான் செய்தார். ஆய்வுகளும் அரசின் கவனமும் பெரும்பாலும் போர் அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்கள் பக்கமே இருக்கின்றன. 2021இல் வந்த நாய்ப் பயிற்சிச் சட்டமும் அவர்களுக்கானதே. அவர்களுக்குக் கிடைப்பது நியாயம்தான். மனச்சிதைவு நோயாளிகளை இங்கேயும் வரிசையின் கடைசியில் நிறுத்தியிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

நோய் முற்றி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் நாய் என்னாகும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், நாயைப் பராமரிக்கும் கடமை மருத்துவமனைக்கு இல்லை. நாயை விட்டுப் போக மனமில்லாமல் சேர்க்கையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்த இளைஞரின் நெருக்கடித் திட்டத்தில் ஒரு பக்கத்தை நாய்க்கென்றே ஒதுக்கினோம்: என்ன தீனி, எந்தக் கால்நடை மருத்துவர், யார் அழைத்துப்போவார். குரல்கள் மறுபடி கடுமையானபோது அவர் தன் அக்காவுக்குத் தானே போன் செய்து நாயை ஒப்படைத்துவிட்டு, போலீஸ் வர வேண்டிய நிலைக்கு முன்பே எங்களோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இப்போது யாராவது நாய் வேண்டும் என்று கேட்டால், பயிற்சியாளரைத் தேடும் முன்பே அந்தப் பக்கத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்பிவிடுகிறேன்.