லாச்சப்பல் பக்கத்தில் ஒரு பாராலிம்பிக்

2024 ஒலிம்பிக் டிக்கெட் விலையைப் பார்த்ததுமே அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். பாரிஸில் வேலை பார்க்கும் நண்பன்தான் போன் பண்ணி, "அதே ஊரு, அதே மைதானம். செப்டம்பர்ல வாடா, பாராலிம்பிக் டிக்கெட் 15 யூரோவிலிருந்து கிடைக்குது" என்றான். தங்குவதற்கு அவன் வீட்டு சோபா. வேறென்ன வேண்டும்?

ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 8 வரை மாற்றுத்திறனாளிகளுக்கான அந்தப் போட்டிகள். இந்தியாவிலிருந்து 84 பேர். டோக்கியோவுக்கு 54 பேர் போய் 19 பதக்கம் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கணக்கைத் தாண்டுவார்களா என்பதுதான் இந்த முறை எல்லோருடைய பேச்சும். நான் அணிப் பட்டியலில் முதலில் தேடியது தமிழ்ப் பெயர்களை. ஊர்ப்பாசம்தான், மறைப்பானேன். பேட்மின்டனில் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன், திருவள்ளூர் மனிஷா ராமதாஸ், ஓசூர் நித்ய ஸ்ரீ சிவன். உயரம் தாண்டுதலில் சேலத்து மாரியப்பன். இவர்களை வைத்தே டிக்கெட் எடுத்தேன்.

பேட்மின்டன் நடந்தது பாரிஸின் வடக்கு ஓரத்தில், போர்த் த லா ஷபெல் அரங்கில். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் நம் ஆட்கள் 'லாச்சப்பல்' என்று சொல்லும் இடம். மளிகைக் கடை, நகைக் கடை, புடவைக் கடை எல்லாம் தமிழ்ப் பலகையோடு. போகும் வழியில் அங்கே ஒரு கடையில் டீ குடித்தேன். கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை என் கையிலிருந்த மூவர்ணக் கொடியைப் பார்த்துவிட்டு, "அங்கால ஒரே பொலிஸாக் கிடக்குது. என்ன தம்பி நடக்குது?" என்று கேட்டார். சொன்னேன். "பட்மின்ரனோ? மூண்டும் தமிழ்ப் பிள்ளையளோ? முதலே தெரிஞ்சிருந்தா நானும் வந்திருப்பனே!" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அரங்குக்குப் போகிற வழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாரிஸ் மெட்ரோ 1900இல் ஓட ஆரம்பித்தது. பழைய நிலையங்கள் பெரும்பாலும் படிக்கட்டு, மேலும் படிக்கட்டு. 14ஆம் தடம் ஒன்றில் மட்டும்தான் எல்லா நிலையத்திலும் சக்கர நாற்காலியோடு ஏறி இறங்க முடியும். பாராலிம்பிக் நடத்துகிற ஊரா இது என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. மாற்று வழி பஸ்ஸும் டிராமும். அரங்கு வாசலுக்கே போகும் டி3பி டிராமில் ஏறியபோது என் பெட்டியில் மட்டும் சக்கர நாற்காலியில் நான்கைந்து பேர். தரையும் நடைமேடையும் ஒரே மட்டம் என்பதால் யாரையும் கேட்காமல் உருண்டு ஏறினார்கள், உருண்டு இறங்கினார்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸின் முதல் படி ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளே போவதற்குமுன் எழுத்துக் கணக்கைப் படித்துவிடுவது நல்லது. அது தெரியாமல் பார்த்தால் பாதி ஆட்டம் புரியாது. பேட்மின்டனில் எஸ்எல் என்றால் கால் பாதிப்பு, எஸ்யூ என்றால் கை, எஸ்ஹெச் என்றால் உயரக் குறைவு. எஸ்எல் பக்கத்தில் இருக்கும் எண் பாதிப்பின் அளவைச் சொல்லும்; 4ஐவிட 3க்குப் பாதிப்பு அதிகம். இந்தப் பிரிவைப் பொறுத்து ஆடுகளமே மாறும். எஸ்எல்3 ஒற்றையரில் பாதிக் களம்தான். எஸ்யூ5க்கும் எஸ்ஹெச்6க்கும் முழுக்களம்.

செப்டம்பர் 2, திங்கள். மதியம் எஸ்எல்3 இறுதி ஆட்டம். நம்ம நிதேஷ் குமார், எதிரே பிரிட்டனின் டேனியல் பெத்தெல். களம் பாதியாகிவிட்டால் பந்தை அகலத்தில் ஒளிக்க இடமில்லை. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று ராலி முடியவே முடியாது. 21-14, 18-21, 23-21 என்று நிதேஷுக்குத் தங்கம். ஒரு மணி நேரம் இருபது நிமிடம். விசாகப்பட்டினத்தில் ரயில் விபத்தில் காலை இழந்து, அப்புறம் ஐஐடி மண்டியில் படித்தவர் என்று நம் செய்திகள் அவரைப் பற்றி உருகி எழுதின. சரி. ஆனால் அந்தக் கடைசி கேமில் 20க்கு மேல் போன பிறகும் வலைக்கருகே அவர் கை நடுங்கவில்லை. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

மாலை எஸ்யூ5 பெண்கள். துளசிமதியும் மனிஷாவும் முந்தின நாள் அரையிறுதியிலேயே மோதிக்கொண்டார்கள். 23-21, 21-17 என்று துளசிமதி ஜெயித்தார். ஒரே நாட்டின் இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் இறுதிக்குப் போவார் என்பது சந்தோஷம்தான். இருந்தாலும் யாருக்குக் கை தட்டுவது? இரண்டு பக்கமும் தட்டிவிட்டேன்.

எஸ்யூ5 ஆட்டத்தில் மட்டை பிடிக்காத கையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஸ்மாஷ் அடிக்கும்போது அந்தக் கைதான் மேலே எழும்பி உடம்பைச் சமன் செய்யும். துளசிமதிக்குப் பாதிப்பு இடது கையில். மனிஷாவுக்கு வலது கையில்; அவர் இடது கையால் ஆடுகிறார். எழும்பாத அந்தக் கையின் வேலையை இடுப்பும் கால்களும் சேர்த்துச் செய்கின்றன. முதல் வரிசையில் இருந்து பார்த்தால், அடித்து முடித்த பிறகு காலை எங்கே ஊன்றுகிறார்கள் என்பதில் அது தெரியும். டிவியில் இது தெரியவே தெரியாது.

இறுதியில் துளசிமதிக்கு எதிரே சீனாவின் யாங் சியூஷியா. முதல் கேமில் 17 வரை கொண்டுபோனார். இரண்டாவதில் யாங் விடவில்லை, 21-10. துளசிமதிக்கு வெள்ளி. மனிஷா வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க்கின் கேத்ரின் ரோசென்கிரெனை 21-12, 21-8 என்று சீக்கிரமே முடித்துவிட்டார். பரிசளிப்பில் மேலே ஏறிய மூன்று கொடிகளில் இரண்டு நம்முடையவை.

அதற்கடுத்து அரங்கம் அதிர்ந்தது, ஆனால் நமக்காக அல்ல. எஸ்எல்4 இறுதியில் பிரான்சின் லூகாஸ் மசூர். கூட்டத்தில் பாதி அவருக்காகவே வந்தது. காலால் தரையைத் தட்டித் தட்டியே பெஞ்சைக் கழற்றிவிடுவார்கள்போல இருந்தது. எதிரே நம்ம சுஹாஸ் யத்திராஜ், உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றும் ஐஏஎஸ் அதிகாரி. 9-21, 13-21. வெள்ளி. ஃபைல் பார்க்கிற வேலைக்கு நடுவே இரண்டாவது பாராலிம்பிக் வெள்ளி என்றால் சும்மாவா?

எழுந்து போகலாம் என்ற கூட்டத்தோடு போகாமல் உட்கார்ந்திருந்தது நல்லதாயிற்று. நித்ய ஸ்ரீயின் வெண்கல ஆட்டம் எஸ்ஹெச்6. வலையின் உயரம் இவர்களுக்கும் நடுவில் அதே 1.524 மீட்டர்தான். அதற்கு மேலிருந்து கீழே அடிக்க எவ்வளவு எழும்ப வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று 23 நிமிடத்தில் வென்றார். பக்கத்து இருக்கையில் இருந்த பிரெஞ்சுக்காரப் பாட்டி அதற்குள் 'நித்யா' என்று கத்தப் பழகியிருந்தார்.

மறுநாள் தடகளம் நடக்கும் ஸ்தாத் த பிரான்ஸ் மைதானம். கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம். ஊதா நிற ஓடுதளம், படத்தில் பார்ப்பதைவிட நேரில் இன்னும் ஊதா. மாரியப்பன் தங்கவேலு ஆடும் டி63 என்ற கால் பாதிப்புப் பிரிவின் உயரம் தாண்டுதலில் ஒருவர் பிளேடு என்கிற வளைந்த செயற்கைக் கால் போட்டு ஓடிவருவார், இன்னொருவர் பாதிக்கப்பட்ட காலோடு அப்படியே ஓடிவருவார். ஆளுக்கொரு ஓட்டம், ஆளுக்கொரு தாவல். பிளேடு போட்ட அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம். பீகாரின் சரத் குமார் 1.88, வெள்ளி. மாரியப்பன் 1.85, வெண்கலம். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இங்கே வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர். தங்கம் குறைந்து குறைந்து வருகிறதே என்று வாட்ஸ்அப்பில் ஒரு புண்ணியவான் கணக்குப் பார்த்தார். எட்டு வருஷம் அதே உயரத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது போல. அன்று ராத்திரி நம் கணக்கு 20. டோக்கியோவைத் தாண்டியாயிற்று.

செப்டம்பர் 4இல்தான் எனக்கும் நண்பனுக்கும் தகராறு. ஒரே மாலையில் எங்வலீத் என்ற இடத்தில் வில்வித்தை, ஸ்தாத் த பிரான்ஸில் கிளப் த்ரோ. அவன் வில்வித்தைக்குப் போனான், நான் எஃப்51 கிளப் த்ரோவுக்கு.

கிளப் என்பது குட்டிக் கர்லாக்கட்டை மாதிரி ஒரு மரக்கட்டை, 400 கிராம்கூட இருக்காது. எஃப்51 பிரிவினருக்கு விரலில் பிடிமானம் கிடையாது. ஒட்டும் பசை தடவித்தான் கட்டையைக் கையில் நிறுத்துகிறார்கள். முதலில் உதவியாளர் வீரரை இருக்கையில் தூக்கி உட்கார வைத்து, தொடை, இடுப்பு, கால் என்று பட்டை பட்டையாக இறுக்குகிறார். பிறகு விலகிப் போய்விட வேண்டும். அந்தப் பட்டைகளைச் சரிபார்க்கிற நேரம் வீச்சைவிடப் பல மடங்கு அதிகம். பொறுமையில்லாதவர்கள் பாப்கார்ன் வாங்கப் போனார்கள்.

நம்ம தரம்பீருக்கு முதல் நான்கு வீச்சும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர். ஆசிய சாதனை, தங்கம். இன்னொரு இந்தியர் பிரணவ் சூர்மா 34.59, வெள்ளி. தரம்பீருக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்த அமித் குமார் சரோஹாவும் அதே போட்டியில் இருந்தார், கடைசி இடத்தில். சீடன் ஜெயித்த களத்தில் குருவும் போட்டியாளர் என்பதை வேறு எந்த விளையாட்டில் பார்ப்பேன்?

வெளியே வந்து நண்பனுக்குப் போன் பண்ணினால் அவன் குரலே சரியில்லை, அவ்வளவு கத்தியிருக்கிறான். ஹர்விந்தர் சிங் இறுதியில் போலந்துக்காரரை 6-0 என்று வீழ்த்தி, ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து வில்வித்தையில் இந்தியாவின் முதல் தங்கத்தை எடுத்துவிட்டார். "சரித்திரத்தைப் பார்த்தேன்டா" என்றான். "நான் தங்கம், வெள்ளி ரெண்டையும் பார்த்தேன்" என்றேன். "உன்னோடது ரெண்டு, என்னோடது முதல்" என்றான்.

நான் ஊர் திரும்பிய பிறகு மொத்தக் கணக்கு 29இல் முடிந்தது: 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், பட்டியலில் 18ஆவது இடம். தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மனிஷா, நித்ய ஸ்ரீ, மாரியப்பன் மூவருக்கும் தலா 1 கோடியும் கொடுத்தது. நண்பனோ இன்றைக்கும் போன் எடுத்தால் முதலில் 6-0 பற்றித்தான் பேசுகிறான். 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: வில்வித்தைக்கும் தடகளத்துக்கும் ஒரே நாளில் டிக்கெட் எடுக்கக் கூடாது.