ஆய்லர் எண்ணைக் கையால் முப்பது இடம் வரை

பை எண்ணைத்தான் முதலில் எடுப்பதாக இருந்தேன். பையைக் கணக்கிடும் மேசினின் சூத்திரத்துக்கு இரண்டு தொடர்களை இழுக்க வேண்டும் என்பதால் 2.718 என்று தொடங்கும் ஆய்லர் எண்ணுக்கு மாறினேன். சோம்பல்தான் காரணம். முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் இது தீர்வாகாது என்று 1873இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எர்மிட் நிறுவினார். அப்படிப்பட்ட எண்ணைக் கணக்கிட வகுத்தலும் கூட்டலும் போதும்: 1ஐ 2ஆல் வகு, வந்ததை 3ஆல், அதை 4ஆல். எல்லா வரிசைகளையும் கூட்டி, 2ஐச் சேர்த்தால் முடிந்தது.

கட்டம் போட்ட நோட்டில் வரிசைக்கு 33 தசம இடங்கள். கடைசி மூன்றும் காவலுக்கு, வால் வெட்டும் பிழை முப்பதாம் இடத்தை எட்டாமலிருக்க. வகுஎண்தான் வரிசையின் பெயர்; 30ஆல் வகுத்த முப்பதாம் வரிசையில் எஞ்சுவது 33ஆம் கட்டத்தில் ஒரே ஒரு 3. அதோடு நிறுத்திவிடலாம்.

ஏழாம் வரிசை பார்க்க அழகு: 984126 திரும்பத் திரும்ப வருகிறது. பத்தாம் வரிசையில் வகுக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரு கட்டம் தள்ளினால் போதும். பள்ளியில் உருப்போட்டது பதினாறாம் வாய்ப்பாடு வரைதான். பதினேழிலிருந்து ஓரத்தில் சிறு வாய்ப்பாடு எழுதிக்கொண்டேன்.

வரிசைதோறும் பழைய ஒன்பது சோதனை: ஈவின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதுகளைத் தள்ளி, வகுஎண்ணால் பெருக்கி, மீதியைச் சேர்த்தால் மேல் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். எல்லா வரிசைகளும் தேறின. ஐந்து மாலைகள் ஆகியிருந்தன. கூட்டி முடித்து அச்சில் இருந்த மதிப்போடு வைத்துப் பார்த்தால், 18 இடம் சரி; 19ஆம் இடத்தில் 3க்குப் பதில் 7.

இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. பிறகுதான் உறைத்தது: இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, ஒன்பது சோதனைக்குக் கண் தெரியாது. ஒற்றை, இரட்டை இடங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் கழிக்கும் பதினொன்று சோதனை இதைப் பிடித்துவிடும். மேலிருந்து போட்டு வந்தேன். பதினாலாம் வரிசையில் அகப்பட்டது: கச்சாத் தாளில் 74559, நோட்டில் 74595. படியெடுத்த கை செய்த வேலை. அதற்குக் கீழே உள்ள வரிசைகளெல்லாம் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டு ஒழுங்காக வகுபட்டிருந்தன.

1949இல் எனியாக் கணினி இந்த எண்ணை 2,000 இடங்களுக்கு மேல் கொண்டுபோனது. அது கச்சாத் தாளிலிருந்து படியெடுக்கவில்லை.

பதினாலிலிருந்து மறுபடி வகுத்தேன், இம்முறை இரண்டு சோதனைகளும் போட்டு. விடை: 2.718281828459045235360287471352. முப்பது இடமும் சரி. காவல் இடங்களில் 662 வர வேண்டும். எனக்குக் குறைவாக வந்தது. ஒவ்வொரு வரிசையின் வாலையும் வெட்டியதால் வரிசைக்கு ஒன்றுக்கும் குறைவான இழப்பு. மொத்தம் முப்பதைத் தாண்ட வழியில்லை, தாண்டவும் இல்லை.