பிராக்கில் ஐஸ் ஹாக்கி: டிக்கெட் எடுத்ததில் இருந்து கடைசி கோல் வரை

2024 மே மாதம் ஆண்கள் ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப் செக் குடியரசில், பிராக், ஆஸ்ட்ரவா என்ற இரண்டு ஊர்களில் நடந்தது. மொத்தம் 7,97,727 பேர் அரங்குக்கு வந்தார்கள். இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அப்படியென்றால் டிக்கெட் நிலவரத்தைச் சொல்லவா வேண்டும்? செக் அணி ஆடும் நாட்களுக்கு நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் எதுவும் சிக்கவில்லை. சரி, மற்ற அணிகளைப் பார்ப்போம் என்று அட்டவணையை அலசினேன். கனடா - ஆஸ்திரியா ஆட்டத்துக்கு, கோலுக்குப் பின்பக்கம், மேல் வரிசையில் இடம் இருந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

ஆட்டம் நடந்த பிராக்கின் ஓ2 அரங்கத்துக்குப் போவதில் சிரமமே இல்லை. மெட்ரோவில் மஞ்சள் பாதையில் ஏறி செஸ்கோமொராவ்ஸ்காவில் இறங்கினால், கனடா சட்டை போட்ட கூட்டமே வழிகாட்டிவிடும்.

முதல்முறை போகிறவர்கள் மேல் வரிசையிலேயே உட்காருங்கள். கீழே இருந்தால் பக் (பந்துக்குப் பதில் அடிக்கும் சின்ன ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்று தேடியே கண் வலிக்கும். மேலே இருந்து பார்த்தால் பக்கை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கலாம். ஆட்டம் நிற்காமலேயே வீரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கிறார், அடுத்தவர் அதே வேகத்தில் வெளியே பாய்கிறார். எதிரணியின் பகுதி தொடங்கும் இடத்தில் பனியில் ஒரு நீலக் கோடு இருக்கும்; அதைப் பக் தாண்டும் முன்னால் தாக்கும் அணியில் யாரும் தாண்டக் கூடாது. இந்த ஒரு விதி பிடிபட்டதும் பாதி விசில்களுக்குக் காரணம் புரிந்துவிட்டது.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்தபோது கனடா 6-1 என்று முன்னிலை. பக்கத்தில் சிலர் கிளம்பியே போய்விட்டார்கள். மூன்றாவது பகுதியில் ஆஸ்திரியா ஒன்று போட்டது, அப்புறம் இன்னொன்று. நான்காவது விழுந்ததும் செக் ரசிகர்கள் மொத்தமும் ஆஸ்திரியா பக்கம் சாய்ந்துவிட்டது, நாற்காலிகள் அதிர்ந்தன. 6-6! கூடுதல் நேரத்தில் கோல்கீப்பர் போக அணிக்கு மூன்று பேர்தான் என்பதால் பனிக்களம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. தொடங்கிய வேகத்திலேயே கனடாவின் ஜான் டவாரெஸ் அடித்து முடித்துவிட்டார். தோற்றது கூடுதல் நேரத்தில் என்பதால் ஆஸ்திரியாவுக்கும் ஒரு புள்ளி. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது அவர்களுக்குத்தான்.

சில நாளில் இதே அணி பின்லாந்தை 3-2 என்று வென்றது. வெற்றி கோல் விழுந்தபோது கடிகாரத்தில் மிச்சம் 0.2 விநாடி.