லிஃப்ட் எங்கிருந்து ஏறியது?

மாட்டுத்தாவணி அருகே கட்டைவிரலை நீட்டி நிற்கும் கல்லூரிப் பையன் கேட்பதும் லிஃப்ட்தான். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் முழங்கால் வலியோடு அத்தைமார் காத்திருப்பதும் லிஃப்டுக்குத்தான்.

ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்து குடியேறியவர்கள் விட்டுச்சென்ற சொல் இது. அவர்களின் நார்ஸ் மொழியில் 'லோப்ட்' என்றால் காற்று, வானம். அதிலிருந்து 'லிப்தா', அதாவது காற்றில் ஏற்றுவது. நம் வீடுகளில் கொத்தனார் போட்டுத் தரும் 'லாஃப்ட்' இருக்கிறதே, அதற்கும் அதே வேர்தான். ஜெர்மன் மொழியில் காற்று 'லுஃப்ட்'. லுஃப்தான்சா விமானத்தின் பெயரில் இருப்பதும் அதுவே. சீதனமாக வந்த பித்தளை அண்டா தூசி படிந்து கிடக்கும் பரணுக்கு வானத்தோடு இத்தனை நெருங்கிய உறவு என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அமெரிக்கர்களின் 'எலிவேட்டர்' வேறு குடும்பம். லத்தீனில் 'லெவிஸ்' என்றால் எடை குறைந்தது. 'லெவாரே' என்றால் உயர்த்துவது. லெவர், வரியைக் குறிக்கும் லெவி எல்லாம் அந்த வகையறா. வரிக்கும் லேசுக்கும் என்ன சம்பந்தம் என்று சொத்துவரி ரசீதைப் பார்த்தவர்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி.

பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் லிஃப்ட் என்றால் களவு என்றும் பொருள் வந்துவிட்டது. ஷாப்லிஃப்டிங் அந்த வழியில் வந்ததுதான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் 'பர்ஸைத் தூக்கிவிட்டான்' என்று நாம் புலம்புவதற்கு மட்டும் யாரும் நார்ஸ் கற்றுத்தரவில்லை.