டாலாட்டில் ஐந்து இரவுகள்

என் அம்மா மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பதினெட்டு வயது வரை அங்கேயே வளர்ந்தவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்பும் பாட்டி பேசும்போது வாயிலிருந்து புகைபோல மூச்சு வெளிவரும் என்பதை இன்றும் கையால் காட்டிச் சொல்வார். திருமணமாகிச் செந்தூலுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் கோலாலம்பூரின் புழுக்கம் அவருடைய உடம்புக்குப் பழகவே இல்லை. இந்தத் தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "சேலையெல்லாம் வேண்டாம்பா, ஒரு வாரம் குளிர்ல உக்காந்துட்டு வரணும்" என்றார். ஊர் சுற்ற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை; உட்கார வேண்டும் என்றுதான் கேட்டார். அந்த ஒரு சொல்லை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் இரண்டு மாதமாக இந்தப் பயணத்தைத் திட்டமிட்டு வருகிறேன்.

கேமரனுக்கே போகலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் போனோம். மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நின்றதில் பாதி நாள் கழிந்தது. படத்தைப் பார்த்து நான் பதிவு செய்திருந்த விடுதியை அடைந்தபோது, சாலையிலிருந்து அறைக்கு நாற்பத்திரண்டு படிகள் இருந்தன. அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. ஏறி முடித்ததும் கட்டிலில் சாய்ந்தவர், மறுநாள் முழுவதும் வெளியே வரவில்லை. போர்வையிலோ ஈரவாடை. வாடகையையும் சன்னலோரக் காட்சியையும் விசாரித்த நான் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இம்முறை ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதி வைப்பதற்கு அதுவே காரணம்.

வியட்நாமின் டாலாட் என் மனத்துக்கு வந்தது, சென்ற மார்ச்சில் அலுவலக நண்பர்களுடன் அங்கே நான்கு நாள் தங்கியதால்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கேமரன் மலையிலுள்ள நம் தானா ராத்தா ஊரைவிடச் சற்றே அதிகம், ஆகவே குளிரும் அம்மா அறிந்த குளிர்தான். அந்தப் பீடபூமிக்கு 1893இல் போய்ச் சேர்ந்த மருத்துவர் அலெக்சாந்தர் யெர்சின், மறு ஆண்டே ஹாங்காங்கில் பிளேக் நோய்க் கிருமியைக் கண்டறிந்தவர். சமவெளியின் வெப்பம் தாளாத பிரெஞ்சுக்காரர்களுக்காக அங்கே ஒரு மலைவாச நகரம் எழுந்தது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன மலையில் ஆங்கிலேயர்கள் செய்ததும் இதுதான். டாலாட்டிலும் முதலில் இருந்த மலைமக்கள் வேறு. டாலாட் என்ற பெயருக்கே லாத் மக்களின் ஓடை என்றுதான் பொருள் சொல்கிறார்கள். இதைச் சொன்னபோது அம்மா, "நம்ம ஊரு மாதிரியே" என்றார். கொழுந்துக் கூடை சுமந்த வீட்டில் பிறந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பிற்பகல்தோறும் மழையைக் கொட்டும். ஈரச் சாலையில், சரிவில், அம்மாவை நடக்க வைக்க முடியாது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வறண்ட காலம். ஆனால் சனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அவர்களுடைய புத்தாண்டான தேத் சமயத்தில் வாடகை ஏறிவிடும், பல கடைகளும் மூடியிருக்கும். தைப்பூசமும் அதை ஒட்டியே வருவதால், விரதம் இருக்கும் அம்மா அப்போது பத்துமலையை விட்டு எங்கும் வரமாட்டார். மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலைத் திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போயாக வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களே மிஞ்சுகின்றன. அந்த நாள்களில் இரவு வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். பகலில் மெல்லிய வெயில் இருக்கும். சனி ஞாயிறுகளில் ஹோ சி மின் நகரத்துக்காரர்கள் கூட்டமாக மலையேறுவதால், ஞாயிறு மாலை சேர்ந்து வெள்ளி காலை புறப்படுவது என்று ஐந்து இரவுகளைக் குறித்துவிட்டேன்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலேசியக் கடப்பிதழுக்கு முப்பது நாள் விசா தேவையில்லை. இங்கிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் போனால் முந்நூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம், அதிலும் பாவ் லோக் கணவாயின் வளைவுகள். மாறாக, உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் லியன் கூங் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நகரம் முப்பது கிலோமீட்டர். செலவு கூடினாலும் முழங்காலை நினைத்து விமானத்தையே தேர்ந்தேன். ஆனால் ஒரே நாளில் இரண்டு விமானம் என்பது அவருக்கு அதிகம். ஆகவே சனிக்கிழமை இரவை ஹோ சி மின் நகரத்தில் கழிக்கிறோம். அங்கே துரோங் தின் தெருவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அம்மா பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கோயிலில்தான் தொடங்குகிறார்.

என் கவலை முழுவதும் தங்கப்போகும் வீட்டைப் பற்றித்தான் இருந்தது. டாலாட் மேடும் பள்ளமுமான ஊர். சந்தையையும் ஹோவா பின் சதுக்கத்தையும் சுற்றி விடுதிகள் ஏராளம், விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பல ஒடுங்கி உயர்ந்த கட்டடங்கள், மின்தூக்கி இல்லாதவை, இரவுச் சந்தையின் ஓசை நெடுநேரம் அடங்காது. நண்பர்களுடன் போனபோது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இம்முறை சுவான் ஹுவோங் ஏரியை ஒட்டிய பகுதியைத்தான் பார்த்தேன். 1919இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றளவு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், கரையோரம் பெரும்பாலும் சமதளம். முழுச் சுற்று நடக்க வேண்டியதில்லை. நூறு அடி நடந்து ஒரு பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் போதும்.

ஏரிக்கு அருகில் கீழ்த்தளத்தில் ஒரு சிறு வீடு கிடைத்தது. மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு வீட்டுக்கார அம்மையாருக்கு நான் அனுப்பிய கேள்விகள் அவருக்கு வியப்பாக இருந்திருக்கும். வெந்நீர்க் கொதிகலன் எத்தனை லிட்டர், கம்பளிப் போர்வை எத்தனை, மெத்தை கல்லைப்போல் இருக்குமா, கழிவறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா, சன்னல் காலை வெயில் பக்கமா என்று ஒன்று விடாமல் கேட்டேன். அங்கே வீடுகளில் பொதுவாகக் குளிர்சாதனமும் இருக்காது, சூடேற்றும் சாதனமும் இருக்காது. கிழக்கு வெயிலும் கனமான போர்வையும்தான் துணை. கடைசியாக, சாலையிலிருந்து வாசல் வரை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பத்து நிமிடத்தில் வந்தது. மூன்று படிகள். இரண்டாவது படியில் ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு படுத்திருந்தது. படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். படிகளைவிடப் பூனையைத்தான் அதிக நேரம் பார்த்தார். அன்றிரவே முன்பணம் கட்டிவிட்டேன்.

சாப்பாடு அடுத்தது. அம்மா கார்த்திகை மாதம் முழுவதும் சைவம். வியட்நாமில் கீரைப் பொரியலிலும் மீன் சாறு சேர்த்துவிடுவார்கள் என்பதால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது; 'சாய்' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். பௌத்தர்களின் சைவ உணவுக்கு அதுதான் பெயர். அப்படிப் பலகை மாட்டிய கடைகள் டாலாட்டில் நிறைய உண்டு. அவர்கள் நிலாக் கணக்கின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் விரதம் இருப்பதால், நாம் அகல் ஏற்றும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிப் போனால் சைவக் கடைகளில் அடுப்பு ஓயாது. ஒன்று மட்டும் சிக்கல். இரவுச் சந்தையில் சூடான சோயாப் பால் விற்பார்கள். பெரிய பானையிலிருந்து அகப்பையால் மொண்டு ஊற்றும்போது ஆவி முகத்தில் அடிக்கும், கண்ணாடிக் குவளையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாலே குளிர் விலகும். ஆனால் உட்காரத் தருவது முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலி. அம்மாவால் அதில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே ஒரு சுடுநீர்க் குடுவையை எடுத்துப் போய் வாங்கி வருவதாக ஏற்பாடு.

வீட்டில் அடுப்பும் இருக்கிறது. காலையில் பசியாறக் கஞ்சியோ உப்புமாவோ அம்மாவே செய்துகொள்ளலாம். ரசப்பொடியும் புளியும் பெட்டியில் ஏறிவிட்டன. டாலாட் சந்தையில் முட்டைக்கோசு, காரட், உருளைக்கிழங்கு, சௌசௌ எல்லாம் கேமரன் சந்தையைப் போலவே குவிந்திருக்கும்; சௌசௌ கொடியின் இளந்தளிரைப் பூண்டோடு வதக்கிச் சாப்பிடுவார்கள் என்று சொன்னதும், "லயத்துல கொடியே கிடந்துச்சு, தளிரைத் தூக்கிப் போட்டுட்டமே" என்று அம்மா ஆதங்கப்பட்டார்.

பார்க்கும் இடங்கள் இரண்டே. ஒன்று, 1938இல் கட்டி முடித்த பழைய ரயில் நிலையமும், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள திராய் மாத் வரை ஓடும் ரயிலும். ஊட்டி மலை ரயிலைப் போன்ற பற்சக்கரப் பாதையாக ஒரு காலத்தில் சமவெளி வரை 84 கிலோமீட்டர் இறங்கிய தடம் அது. போரில் நின்றுபோய், அதன் நீராவி எந்திரங்களை 1990இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் விலைக்கு வாங்கிப் போனார்கள். உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய காட்சி என்பதால் இதைச் சேர்த்தேன். இறங்குமிடத்துக்கு அருகே உடைந்த பீங்கான், கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துக் கட்டிய லின் ஃபுவோக் விகாரை இருக்கிறது. லாங்பியாங் மலையுச்சி, அருவிகள், விநோத வடிவில் மாடிப்படிகள் சுற்றிச் சுற்றி ஏறும் ஹாங் நா மாளிகை ஆகியவற்றை மனமார விட்டுவிட்டேன்.

இரண்டாவது, ஓர் இரவுக் காட்சி. மலைச்சரிவுகளில் செவ்வந்திப் பண்ணைகள். செவ்வந்தி, பகல் குறுகினால் உடனே மொட்டு விடும் செடி. தண்டு நீளமாக வளர்வதற்காக இரவிலும் விளக்கேற்றிப் பூப்பதைத் தள்ளிப்போடுவார்கள். இருட்டியபின் மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பொன்னிறமாக ஒளிரும். இந்தப் பசுமைக்குடில்கள் பெருகிப் பெருகிப் பைன் மரக்காடுகளின் இடத்தைப் பிடித்துவிட்டன என்ற கவலை அந்த ஊரிலும் உண்டு. கேமரனில் நாம் கண்ணால் கண்டதுதான். ஆனாலும் அந்த ஒளியை அம்மா ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். வாடகைக் காரில் போய், இறங்காமலே பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பயணத் திட்டத்தில் புதன்கிழமைக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. நேற்று அம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து பாட்டியின் கருநீலக் கம்பளிச் சட்டையை எடுத்து, அந்துருண்டை வாடை போகக் கொடியில் காயப் போட்டிருந்தார். முழங்கைப் பக்கம் நூல் பிரிந்திருக்கிறது. புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே நிறத்தில் நூல் கிடைக்குமா என்று மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருப் பக்கம் போனால் பார்த்து வரச் சொன்னார்.