மல்லியின் காதுக்காக ஒரு சுற்று

எங்கள் வீட்டுப் பூனை மல்லிக்கு 12 வயது ஆகிறது. நாளுக்கு இரண்டு வேளை தைராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும். என்னிடமோ என் மனைவியிடமோ தவிர வேறு யாரிடமும் அதை வாங்கிக்கொள்ள மாட்டாள். மகள் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, வார இறுதியில் நாங்கள் அங்கே போவதென்றால் மல்லியையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றாகிவிட்டது. காரில் நான்கு மணி நேரம் பிடிக்கும். மலைப்பாதை தொடங்குவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிடுவாள். எங்கள் ஊரான லிவர்மோரிலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் போனால் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம்தான். விமானி உரிமம் என்னிடம் இருந்தும், அவளை அதில் ஏற்றலாமா என்று முடிவெடுக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

தனியார் விமானத்தில் பூனையை ஏற்றிக்கொள்ள அமெரிக்காவில் தனி அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. முடிவும் பொறுப்பும் முழுக்க விமானியுடையவை. அதனாலேயே நான் முதலில் போனது விமான நிலையத்துக்கு அல்ல, கால்நடை மருத்துவரிடம். அவர் மல்லியின் இதயத்தையும் இரண்டு காதுகளையும் சோதித்துப் பார்த்துவிட்டு, பயத்தைத் தணிக்க கபாபென்டின் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார். ஆனால் பறக்காத ஒரு நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பார்த்த பிறகுதான் பயணத்தன்று கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் தாழ்த்தும் மயக்க மருந்துகள் வேண்டவே வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் விமானத்தில் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு கிடையாது. மேலே ஏற ஏற, ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி வீதம் வெளிக்காற்றும் குளிர்ந்துகொண்டே போகும்.

மல்லியை வைத்துத் தூக்கிப்போகும் ஜிப் வைத்த கூடையைப் பின் இருக்கையில் வைத்து, அதன் முதுகுப் பட்டைக்குள் சீட் பெல்ட்டை நுழைத்து இறுக்கினோம். மல்லியின் எடை நாலரைக் கிலோ, கூடை இரண்டு கிலோ. அதையும் எடைக் கணக்கில் எழுதினேன். பூனையை விமானியின் மடியிலும் கண்ணாடிக்கு முன்னேயும் உட்கார வைத்து எடுத்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மிரண்ட பூனை இருட்டான இடுக்கைத்தான் தேடும். அந்தச் சின்ன விமானத்தில் அப்படிப்பட்ட இடுக்கு என் கால்களுக்கு அடியில், சுக்கானைத் திருப்பும் மிதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. தரையிறங்கும் நேரத்தில் அங்கே ஒரு பூனை புகுந்துகொண்டால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. எஞ்சின் நின்று, கூடை காருக்குள் போய், காரின் கதவுகளும் மூடிய பிறகுதான் எங்கள் கூடையின் ஜிப் திறக்கும்.

சத்தம் இன்னொரு கவலை. நாங்கள் ஹெட்செட் போட்டுக்கொள்கிறோம். அவளுக்கு அது கிடையாது. நாம் கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண்ணைப்போல மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட கீச்சொலியையும் கேட்கும் காது பூனையுடையது. கூடையின் மூன்று பக்கமும் தடித்த கம்பளியைச் சுற்றி, காற்று வர ஒரு பக்கத்தைத் திறந்து விட்டோம். கீச்சொலிகளை அது ஓரளவு தடுக்கிறது. ஆனால் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினின் அடித்தொனி நொடிக்கு 80 அதிர்வுகள் கொண்டது. அந்த உறுமலைக் கம்பளியால் நிறுத்த முடியாது. எனவே மேலே போனதும் எஞ்சினின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். சில நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை ஒன்றில், சலினாஸ் பள்ளத்தாக்கு வெயிலில் சூடேறிக் காற்று குலுங்கத் தொடங்குவதற்கு முன்பே கிளம்பினோம். 5,500 அடியில் விமானம் தொட்டில்போல அசையாமல் போயிற்று. கிங் சிட்டியைத் தாண்டும்போது, மல்லி கண்ணை மூடியிருக்கிறாள் என்று பின்னால் இருந்த மனைவி சொன்னார். தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான்.

பாசோ ரோபிள்ஸுக்கும் சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. அதைப் பாதுகாப்பான உயரத்தில் கடந்தால், அந்தப் பக்கம் ஓடுபாதை சில மைல் தொலைவிலேயே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரத்தில் இருக்கும். மனிதர்களை ஏற்றிச் செல்லும்போது செய்வதுபோலவே, மலையைத் தாண்டியதும் நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கினேன். ஹெட்செட்டையும் மீறி மல்லியின் குரல் கேட்டது. பசிக்கும் கோபத்துக்கும் அவள் எழுப்புகிற குரல் எனக்குத் தெரியும்; இது அதுவல்ல. காதுகளைத் தலையோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்னங்காலை வலைத்துணியில் அழுத்தியபடி இருந்தாள் என்றும், மோவாய் முழுக்க எச்சிலில் நனைந்திருந்தது என்றும் மனைவி பிறகு சொன்னார். அன்று இரவு வரை அவள் எதையும் சாப்பிடவில்லை. மகளின் கட்டிலுக்கு அடியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். "அப்பா, அவளுக்குக் காது வலிக்குதுன்னு நினைக்கிறேன்" என்று மகள் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து, தொண்டைக்குப் போகும் மெல்லிய குழாய் வழியே தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது அது எதிர்த்திசையில் உள்ளே வர வேண்டும். அந்தக் குழாயோ விழுங்கினால்தான் திறக்கும். நாம் எச்சிலை விழுங்குகிறோம், கொட்டாவி விடுகிறோம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறோம். பயந்து விறைத்திருக்கும் பூனை எதையும் விழுங்காது. போதாக்குறைக்கு, தரையை நெருங்க நெருங்க ஒவ்வொரு நூறு அடிக்கும் காற்றழுத்தம் கூடுகிற அளவும் அதிகம். நான் வேகமாக இறங்கிய அந்தக் கடைசி மூவாயிரம் அடிதான் அவளை அதிகம் வருத்தியிருக்க வேண்டும். இவையெல்லாம் உரிமத் தேர்வுக்கு நான் படித்தவையே. படித்ததை அவள் காதோடு பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது லிவர்மோருக்கு முன் அவ்வளவு அவசரம் தேவைப்படவில்லை. வெகு முன்னதாகவே இறங்கத் தொடங்கினேன். அடுத்த முறை சான் லூயிஸுக்குப் போனபோது திட்டத்தையே மாற்றினேன். மலையை 4,000 அடியில் கடந்ததும் ஓடுபாதையை நோக்கித் திரும்பாமல், கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிஸ்மோ கடற்கரைப் பக்கமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் போகாமல் இறங்கினேன். ஆறு நிமிடம் கூடுதலாயிற்று. இறக்கம் தொடங்கியபோதே மனைவி, கூடையின் வலைத்துணியில் இருந்த சிறு திறப்பு வழியாக பூனை தின்னும் மீன் விழுதை விரல் நுனியில் தொட்டு நீட்டினார். மல்லி முதலில் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் முறை நக்கினாள். தொண்டை மேலும் கீழும் அசைய, ஒரு காது படக்கென்று உதறிக்கொண்டது. மனைவி அதை ஹெட்செட்டில் சொன்னபோது உயரமானியில் 2,600 அடி இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முந்நூறு அடிக்கும் ஒரு விரல் விழுது என்று கணக்கு வைத்து இறங்கினோம்.

1910 ஆகஸ்ட் 17 அன்று, பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாகக் கடந்த விமானி ஜான் மொய்சான்ட், மெக்கானிக்கோடு ஃபிஃபி என்ற பூனையையும் கூட்டிப் போனார். மேலே கூரைகூட இல்லாத அந்த விமானத்தில் அந்தச் சிறு காதுகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

விமானி நண்பர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வகை விமானங்களில் குளிருக்குப் போடும் வெப்பம், எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றிலிருந்துதான் கிடைக்கிறது. குழாயில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நம்மைவிட வேகமாக மூச்சு விடும் சிறிய உடலை அது முதலில் தாக்கும் என்பதால், அதைக் கண்டறியும் கருவி ஒன்றைக் கூடையின் உயரத்திலேயே மாட்டியிருக்கிறேன்.

அந்த இரண்டாம் பயணத்தன்று மகளின் அறைக்குள் கூடையைத் திறந்து வைத்தோம். மல்லி வெளியே வந்து, கட்டிலின் நான்கு கால்களிலும் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் கிண்ணத்தருகே போய் உட்கார்ந்தாள். மாத்திரையைச் சோற்றுருண்டைக்குள் வைத்து மகளே நீட்டினாள். சாப்பிட்டுவிட்டாள்.